ஊதா மாறாத பால்

பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால் கொண்டுவந்தவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விடுவார். மருந்து இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், மாட்டையும் அவர் குடும்பத்தையும் சேர்த்துப் பழித்துவிட்டதாகச் சண்டைக்கு வருவார்.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில், 'பரிசோதனைக்கூடம்' என்று எழுதி ஒட்டிய பத்தடி அறையில் நான் வேலை பார்த்தேன். தினமும் யாரிடமாவது "இது ஆகாது" என்று சொல்ல வேண்டிய வேலை. ரயிலில் டிக்கெட் பார்ப்பவர்கள், ரேஷன் கடையில் கார்டு பார்ப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் வயதுச் சான்றிதழ் பார்ப்பவர்கள் எல்லாரும் என் இனத்தார். அவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

உறையாத தம்ளர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பாலில் மாட்டு மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இருந்த ஒரே கருவி உறைமோர்தான். மடி வீங்கிய மாட்டுக்குப் பென்சிலின் போலக் கிருமி கொல்லும் மருந்து போடுவார்கள். அது சில நாட்களுக்குப் பாலில் வரும். காய்ச்சினாலும் லேசில் போகாது. நோய்க்கிருமி, தயிர்க்கிருமி என்று அந்த மருந்து பேதம் பார்ப்பதும் கிடையாது. ஆகவே ஒவ்வோர் ஊர்ப் பாலையும் தனித்தனியே காய்ச்சி, ஆற்றி, ஒரே அளவு மோர் விட்டு, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைப்போம். நாலைந்து மணி நேரம் கழித்து எல்லாத் தம்ளரும் உறைந்திருக்க, ஒன்று மட்டும் தண்ணீராக ஆடினால் அந்த ஊர்மேல் சந்தேகம்.

சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. மோரே சோம்பேறியாக இருந்தால் எல்லாமே உறையாது. மார்கழியில் ஒரு நாள் பத்து ஊரும் குற்றவாளி ஆகிவிட்டன. அன்று நான் தம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் கேன்டீனில் சமைக்கும் வேலம்மாள், உறைந்த தம்ளர்களை வாங்கிக்கொண்டு போக வழக்கம்போல் பாத்திரத்தோடு வந்தார். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், உறையாத தம்ளர வச்சுத்தான் உங்களுக்குச் சம்பளம். உறைஞ்சத வச்சுத்தான் எனக்கு மத்தியானம் மோர்க்குழம்பு. இன்னைக்கு ரெண்டு பேர் பொழப்பும் ஆடுது."

மஞ்சள் நல்லது

அடுத்த சில ஆண்டுகளில் காலம் மாறியது. எங்கள் பால் மதுரைப் பக்கம் ஒரு பெரிய ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை ஒரு டேங்கர் பாலை அவர்கள் இறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். மருந்து இருக்கிறதாம். மேனேஜர் ஆலைக்குப் போய்ப் பேசிவிட்டு இரண்டு பொருள்களோடு திரும்பினார். ஒன்று, ஒரு பெட்டி நிறையச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். இன்னொன்று, ஓர் உத்தரவு. ஒரே கோடைக்குள் ஓர் ஊர்ப் பாலுக்கு மூன்று முறை குப்பி ஊதாவாகவே நின்றால், அந்த ஊரில் பால் வாங்கும் சென்டரை மூடிவிட வேண்டும்.

குப்பிக்குள் ஊதா நிறத்தில் ஜெல்லி இருக்கும். அதற்குள் ஒரு கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். அது வெயில் ஊர்க்காரக் கிருமி. அறுபத்து நாலு டிகிரி சூடு கொடுத்தால்தான் எழும். மேலே சில சொட்டுப் பால் விட்டு, மின்சாரத்தில் சூடாகும் இரும்புப் பெட்டியின் குழிகளில் குப்பிகளைச் செருகி, மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். பால் சுத்தமாக இருந்தால் கிருமி எழுந்து, பெருகி, புளிப்பேற்றி, ஊதாவை மஞ்சளாக்கிவிடும். மருந்து இருந்தால் கிருமி எழாது. ஊதா ஊதாவாகவே நிற்கும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மஞ்சள் நல்லது, ஊதா கெட்டது என்று ஒருவரையும் என்னால் நம்பவைக்க முடியவில்லை. நாகலாபுரத்துப் பாலை வண்டியில் ஏற்றி வரும் டிரைவர் செல்லையா தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, கண்ணு மஞ்சளானா காமால. எல மஞ்சளானா பயிரு போச்சு. பாலு மஞ்சளானா மட்டும் நல்லதாக்கும்? ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், உங்க ரூமுக்கு ஒரு நியாயமா?"

பளபளத்த கேன்

அந்தக் கோடையின் முதல் ஊதா நாகலாபுரத்துக்குத்தான் விழுந்தது. அது முழுக்க மானாவாரி பூமி. மழை ஏமாற்றினால் கம்பும் போகும், பருத்தியும் போகும். மாடு மட்டும்தான் நாள் தவறாமல் இரண்டு வேளை கறக்கும். ஐம்பது அறுபது வீட்டுப் பால் எங்கள் சென்டருக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த சென்டர் என்றால் விளாத்திகுளத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஆகவே அந்த ஊதாவைச் சீட்டெழுதி அனுப்புவதோடு விடாமல், நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் வண்டியிலேயே ஏறிப் போனேன். சென்டரைக் கவனித்துக்கொள்ளும் சங்கரபாண்டி என்னைப் பெருமையோடு வரவேற்றார். பால் கேன்கள் கல்யாண வீட்டுப் பாத்திரம்போல் மின்னின. மூடியைத் திறந்து முகர்ந்தேன். நீச்சல் குளத்து வாசனை. போன வாரம் "கேனெல்லாம் நாறுகிறது" என்று நான் எழுதி அனுப்பியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை அள்ளிவந்து கேன்களைக் கழுவியிருக்கிறார். நல்ல தண்ணீருக்குப் பஞ்சம் என்பதால் அப்புறம் அலசவில்லை. குப்பிக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல மருந்துதான் வேண்டும் என்பதில்லை, பிளீச்சிங் பவுடரே போதும் என்று விளக்கினேன். அவர் அசையவில்லை. "நாறுதுன்னும் நீங்கதான் எழுதுனீய, மணக்குதுன்னும் நீங்கதான் பேசுதீய. நடுவுல எங்கன நிக்கணும்னு ஒரு கோடு போட்டுக் குடுத்துட்டுப் போங்க சார்."

மேனேஜரிடம் வந்து நடந்ததைச் சொன்னேன். முதல் ஊதாவை ரத்து செய்யலாமா என்று கேட்டேன். உத்தரவில் 'ஊதா' என்றுதான் இருக்கிறது, 'என்ன காரணத்தால் ஊதா' என்று இல்லை என்றார்.

குளத்தூரில் ஒரு கூட்டம்

மற்ற ஊர்களாவது தப்பிக்கட்டும் என்று சாயங்கால நேரங்களில் கூட்டம் போட்டோம். குளத்தூரில் நல்ல கூட்டம். உப்பளத்து வேலை முடிந்து வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். மாட்டுக்கு ஊசி போட்டால், ட்யூப் மருந்து ஏற்றினால், டாக்டர் சொல்லும் நாள் வரைக்கும் பாலைச் சென்டருக்கு ஊற்றக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சிலருக்கு அந்த மருந்து ஒவ்வாது, உடம்பெல்லாம் தடிக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் நாளை மனுஷனுக்கு நோய் வரும்போது கிருமி அந்த மருந்துக்குப் பயப்படாது என்றேன். கடைசி வரிக்குத் தலையாட்டல் பலமாக இருந்தது. பயப்படாத பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள்.

அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, ஒதுக்கிவைத்த பாலை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கொட்டிவிட வேண்டும் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தம்பி படிச்சவிய, சரியாத்தான் சொல்லுவிய. ஆனா இந்த ஊர்ல நாங்க மொகங் கழுவுன தண்ணியவே கொட்ட மாட்டோம், செடிக்கு ஊத்துவோம். பால எங்கன கொட்டணும்னு எடத்தையும் நீங்களே காட்டிருங்க."

மூணு காம்பு

இரண்டாவது ஊதாவும் நாகலாபுரம்தான். இந்தமுறை கேனில் வாசனை இல்லை. ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் சிறிது சங்கரபாண்டி தனிப் புட்டியில் எடுத்துவைத்திருந்தார். நான் கற்றுக்கொடுத்த பழக்கம். அவற்றைக் கொண்டுவந்து ஐந்தைந்தாகக் கலந்து, ஊதா வந்த கூட்டத்தை மறுபடி பிரித்துப் பார்த்ததில் ஒரே ஒரு புட்டி அகப்பட்டது. மாரித்தாய் வீட்டுப் பால்.

மாரித்தாய்க்கு நாற்பது வயது இருக்கும். கணவர் மணியாச்சியில் ரயில் பாதை வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் ஒரே ஒரு கறவை மாடு. அதன் பின்காம்பு ஒன்று வீங்கி, டாக்டர் ட்யூப் மருந்தைக் காம்புக்குள் ஏற்றியிருந்தார். "ஏம்மா, டாக்டர் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். சொன்னார் என்றார். "அப்புறம் ஏன் ஊற்றினீர்கள்?" அந்தம்மாள் என்னை மாட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய், ஒவ்வொரு காம்பாகத் தொட்டுக் காட்டினார். மருந்து ஏற்றிய காம்பைத் தனியாகக் கறந்து ஒதுக்கியிருக்கிறார். மற்ற மூன்று காம்புப் பால்தான் சென்டருக்கு வந்திருக்கிறது. ஏமாற்று வேலையே இல்லை. என் படிப்பைவிடச் சுத்தமான கணக்கு.

மருந்து ஒரு காம்போடு நிற்காது, ரத்தத்தில் ஏறி மற்ற காம்புகளிலும் கொஞ்சம் இறங்கும் என்றேன். மாரித்தாய் நம்பாமல் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியா சங்கதி? நாலு ரூமு, நாலு கதவு, தனித்தனியாத்தான் இருக்குன்னுல்லா நெனச்சேன். உள்ள எல்லாம் ஒரே வீடுன்னு எனக்கு யாரு சார் சொன்னா?"

சேத்துத் தள்ளி வைங்க

அதற்குப் பிறகு மாரித்தாய் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேலே நாலு நாள் கூட்டிக் காத்திருந்தார். காலண்டரில் ஒவ்வொரு நாளையும் கரியால் அடித்துவிட்டு, அப்புறம்தான் சென்டருக்குப் பால் கொண்டுவந்தார். அவர் பால் ஊற்றிய முதல் நாளே நாகலாபுரத்துக் குப்பி மறுபடியும் ஊதாவாகவே நின்றது.

மூன்றாவது ஊதா. மேனேஜர் சென்டரை மூடுவதற்கான கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்துச் செல்லையா வண்டியில் அது போக வேண்டும். செய்தி அதற்கு முன்பே போய்விட்டது. ஊரே மாரித்தாய் வீட்டு வாசலில் நின்று பேசியிருக்கிறது. "ஒன் ஒத்த மாட்டால எங்க அத்தன மாடும் கெட்டுப்போச்சேட்டி" என்று பக்கத்து வீட்டுக்காரியே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாரித்தாய் இரண்டு பஸ் மாறி எங்கள் நிலையத்துக்கு வந்து நின்றார். கையில் அன்று கறந்த பால், தூக்குவாளியில். மேனேஜர் அறைக்குப் போகவில்லை. நேரே என் அறைக்கு வந்தார். "எம் மாட்டுல மருந்து இல்ல சார். எம் முன்னாடி பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன். அந்தம்மாள் நகரவில்லை. "எம் பால மட்டும் வச்சா எப்படி? நல்ல பாலுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்ணையும் பக்கத்துல வைங்க. அது மஞ்சளாகி எம் பாலு ஆகலன்னா நான் ஒத்துக்கிடுதேன்."

வாசகர்களே, இந்த இடத்தில் நான் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குப்பிகளோடு வந்த காகிதத்தில் முதல் வரியே அதுதான். ஒவ்வொரு தடவையும் மருந்தில்லாத பால் ஒன்றையும் சேர்த்து வை. குப்பிகள் சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்பதால், கோடை தொடங்கியதிலிருந்து அந்த ஒரு குப்பியை நான் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். அதே சிக்கனத்தில் முந்தின நாள் வேறு ஊர்ப் பாலையும் வைக்கவில்லை. நாகலாபுரத்துக் குப்பி தன்னந்தனியாகத்தான் பெட்டியில் நின்றது.

நிச்சயமான நல்ல பால் எங்கே கிடைக்கும்? மேனேஜர் தன் வீட்டில் ஒரு நாட்டுமாடு வைத்திருந்தார். அதற்கு ஊசி என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லுவார். ஆள் அனுப்பி அந்தப் பாலை வாங்கினேன். மாரித்தாய் பால், மேனேஜர் வீட்டுப் பால், ஐஸ் பெட்டியில் வைத்திருந்த முந்தின நாள் நாகலாபுரத்துப் பால், மூன்றையும் செருகினேன். மூன்று மணி நேரம் கழித்து மேனேஜரும் வந்தார். மூன்றும் ஊதா. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எங்க வீட்டு மாடாய்யா?" என்றார். மாரித்தாய் சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னார்: "அப்ப அவிய வீட்டு மாட்டையும் சேத்துத் தள்ளி வச்சிருங்க சார். எம் மாட்டுக்குத் தொணையா இருக்கும்."

அறுபத்து நாலு

பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மாரித்தாய் அருகே போய்ப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அறுபத்து நாலு டிகிரியில் இருக்கும் இரும்பின்மேல் யாராலும் கையை அப்படி வைத்துக்கொண்டிருக்க முடியாது. தெர்மாமீட்டரை எடுத்துக் குழிக்குள் விட்டேன். நாற்பத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. கோடையில் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் பகலில் மின்சாரம் இளைத்துப்போகும். அந்த வாரம்தான் அது ஆரம்பித்திருந்தது. விளக்கு எரிய அது போதும். கிருமி எழ அது போதாது. முந்தின நாளும் அதேதான் நடந்திருக்க வேண்டும்.

கேன்டீனிலிருந்து ஸ்டவ்வையும் ஓர் அலுமினியப் பாத்திரத்தையும் வாங்கிவந்தேன். புதிய குப்பிகள் மூன்று. தண்ணீரில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, அறுபத்து நாலு என்ற கோட்டை மாரித்தாய்க்குக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாது என்றார். கோடு தெரிகிறதா என்றேன், தெரிகிறது என்றார். அவ்வளவுதான். மூன்று மணி நேரம் திரியைக் கூட்டியும் குறைத்தும், கரண்டியால் பச்சைத் தண்ணீர் விட்டும், அந்தக் கோட்டை அவர் நகரவிடவில்லை. நான் அதே வேலையைச் செய்திருந்தால் இரண்டு முறையாவது கொதிக்கவிட்டிருப்பேன். மேனேஜர் நாலு தடவை வந்து எட்டிப் பார்த்தார். நாலாவது தடவை வரும்போது மாரித்தாயின் குப்பியில் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றும் எலுமிச்சை நிறம். முந்தின நாள் நாகலாபுரத்துப் பாலும் உட்பட.

மேனேஜர் தன் அறைக்குப் போய்க் கடிதத்தை எடுத்துவந்து எங்கள் முன்னால் இரண்டாகக் கிழித்தார். "நாளைக்கு வழக்கம்போல ஊத்துங்கம்மா" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பெல்லாம் அவர் கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் மாரித்தாயை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் செல்லையாவின் வண்டியை எடுக்கச் சொன்னார். அது அவர் அகராதியில் மன்னிப்புக்கும் மேலே.

நான் வாசல்வரை போனேன். கடுப்பாக ஏதாவது சொல்லுவார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாரித்தாய் வண்டியில் ஏறி உட்கார்ந்து, காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு, யோசனையோடு என்னைப் பார்த்தார். "மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னா நாங்க மொதல்ல காதத் தொட்டுப் பாப்போம் சார். இத்தன நாளு எங்க மாட்டையெல்லாம் சோதிச்சீயளே, உங்க பெட்டிய ஒரு நாளு தொட்டுப் பாத்தீயளா?"

பிறகு ஐந்து நிமிஷத்தில் முடிவு சொல்லும் பட்டைகள் வந்தன, ஸ்டெபிலைசர் வந்தது, நானும் ஓய்வுபெறும்வரை பல்லாயிரம் பால் பார்த்துவிட்டேன். ஆனால் கடைசி நாள்வரை தினமும் காலையில் என் முதல் பரிசோதனை பெட்டிக்கும் எனக்கும்தான், பாலுக்கு இரண்டாவது வரிசைதான்.